மயில்சாமி அளந்து ஊற்றிய தண்ணீர்

இதை மயில்சாமி படிக்க வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன். நோயிலிருந்து எழுந்தவர்கள் பிறருக்கு உதவட்டும் என்று எழுதுவார்கள். அப்படி யாருக்காவது உதவினால் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அவன் வேலிக்கு அந்தப் பக்கம் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, ஒவ்வொரு வரியாக இதைப் படிக்கிற காட்சியை நினைத்தால்தான் எனக்குப் பேனா ஓடுகிறது.

நான் ஆதாரம் எழுதுகிறவன். தமிழ்நாட்டில் பத்திரம் என்பதைக் கேரளத்தில் எங்கள் பக்கம் ஆதாரம் என்போம். கொழிஞ்சாம்பாறையிலும் சுற்றுவட்டாரத்திலும் தமிழ் பேசுகிறவர்களின் நிலங்களுக்கு மலையாளத்தில் ஆதாரம் எழுதியே என் வயது அறுபதைத் தாண்டியது. மாதம், தேதி, நான்கு எல்லை, கிணற்றில் பங்கு, வண்டிப் பாதை. இவற்றில் ஒரு வார்த்தை தவறினாலும் பேரன் காலத்தில் கோர்ட்டுக்குப் போவார்கள். அதனால் எதையும் தேதி போட்டு, எல்லை சொல்லி எழுதுவதே என் வழக்கம். படிப்பதும் அப்படித்தான். வாசக சாலையில் எனக்குக் கிடைக்காத புத்தகம் குறைவு.

மயில்சாமி என் சித்தப்பா மகன். என்னைவிட ஒரு வயது இளையவன். பாகம் பிரித்தபோது தாத்தா வெட்டிய கிணறு என் பங்குக்கு வந்தது. அவன் தென்னந்தோப்புக்காக வேலியை ஒட்டியே ஆழ்துளைக் கிணறு போட்டான். அடுத்த கோடையில் என் கிணறு வற்றியது. அதற்கு அடுத்த கோடையில் பாறை தெரிந்தது. பஞ்சாயத்தில் பெரியவர்களைக் கூட்டினேன். அவன் எழுந்து நின்று, எல்லோரும் கேட்க, "மழ பேயலீன்னா கெணறு வத்தும். அதுக்கு நானென்ன பண்றதுங்க?" என்றான்.

அந்த வாரமே கோயம்புத்தூர் போய் ஒரு மழைமானி வாங்கி வந்து வாசலில் நட்டேன். தினமும் காலை எட்டரை மணிக்கு அளவு பார்ப்பேன். மழை இல்லாத நாளும் போய்ப் பார்த்து நோட்டில் சுழி போடுவேன். மழை குறையவில்லை, அவனுடைய ஆழ்துளைப் போர்தான் என் கிணற்றைக் குடித்தது என்று என்றாவது ஒருநாள் அவன் முகத்துக்கு நேரே காட்ட வேண்டும். அந்த மழைமானி மழைக்காக வைத்தது அல்ல, அவனுக்காக வைத்தது.

என் மனைவி மரகதம் தன் கடைசி இரண்டு கோடையும் பொள்ளாச்சி ரோட்டு முக்கில் குடங்களோடு தண்ணீர் லாரிக்காக நின்றாள். அவளுடைய சாவுக்கு அது காரணம் இல்லை. அது வேறு நோய். நியாயத்தை நியாயமாகவே சொல்லிவிடுகிறேன். ஆனால் நின்றாள். அவளுக்கு வெயில் ஆகாது, முந்தானையை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டு நின்றாள். பத்தடி தள்ளி வேலிக்குள் அவனுடைய தென்னைகளுக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. அவளுடைய இழவுக்குப் பங்காளி முறைக்கு வந்த மயில்சாமி, கடைசிவரை இருந்துவிட்டு, என் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் போனான். எங்கள் பக்கம் பகை என்றால் இதுதான் அடையாளம். நல்லது கெட்டதுக்கு வரலாம், தண்ணீர் குடிக்கக்கூடாது. நானும் அவன் வீட்டுத் தண்ணீரைத் தொடுவதில்லை என்று இருந்தேன். பேச்சும் நின்றது.

எனக்கு அவனிடமிருந்து வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அவள் எதற்காக அங்கே நின்றாள் என்று அவன் தன் வாயால் சொல்ல வேண்டும்.

சென்ற ஆவணியில் எனக்குக் கால் வீங்கத் தொடங்கியது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து, நிரம்ப நேரம் எடுத்தது. படுத்தால் மூச்சு முட்டியது. முதலில் இரண்டு தலையணை, பிறகு மூன்று, பிறகு நாற்காலியிலேயே தூக்கம். கால் வீக்கத்துக்கு எங்கள் பக்கம் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். பார்லித் தண்ணீரும் நெருஞ்சில் கஷாயமும் சொம்பு சொம்பாகக் குடித்தேன். உடம்பிலுள்ள கெட்ட நீரை நல்ல நீர் ஊற்றித் துரத்துவதாக எண்ணம். என் மகன் செந்தில் வெளிநாட்டில் இருக்கிறான். ஞாயிறுதோறும் வீடியோவில் பேசுவான். முகம் மட்டும்தானே தெரியும். அப்பா கொஞ்சம் பூசினாப்பல இருக்கீங்க என்று சந்தோஷப்பட்டான்.

புரட்டாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை. கூப்பிடக் குரல் இல்லை. மூச்சு இழுத்தால் நெஞ்சுக்குள் சளி கொதிப்பது போலச் சத்தம் வந்தது. சுவர்க்கடிகாரத்தில் எட்டரை ஆவதைப் பார்த்தேன். மழைமானி வாசலில் தனியாக நின்றது. சற்று நேரத்தில் வேலி முறிகிற சத்தம் கேட்டது. என் வாழ்நாளில் நான் கேட்க விரும்பாத குரல் கதவுக்கு வெளியே நின்று, எனக்கில்லாமல் யாருக்கோ சொல்வது போல, "இன்னிக்கி அளவு பாக்க வரலை. என்னமோ ஆயிருக்குது" என்றது. உடனே கதவு உடைந்தது.

நினைத்துப் பாருங்கள். எனக்கு நண்பர்கள் உண்டு. வாசக சாலையில், ரிஜிஸ்டர் ஆபீசில், அறுபது வயதுக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில். காலை வணக்கம் தாமரைப்பூவோடு தினமும் வரும். அன்று நான் திருப்பி அனுப்பாததை ஒருவரும் கவனிக்கவில்லை. நான் வாசலுக்கு வரவில்லை என்பது என் எதிரிக்கு மட்டும் தெரிந்தது.

ஜீப்பில் பின் சீட்டில் என்னைச் சாய்த்து உட்கார வைத்துப் பாலக்காட்டுக்குக் கொண்டுபோனான். ஆஸ்பத்திரியின் பெயர் இங்கே தேவையில்லை. கேஷுவாலிட்டியில் முகமூடி போட்டு ஆக்சிஜன் வைத்தார்கள். நரம்பில் ஊசி போட்டார்கள். சிறுநீர் போகக் குழாய் வைத்தார்கள். அந்தக் குழாயில் போன நீரைப் பார்த்து எனக்கே பயம் வந்தது. அவ்வளவும் எனக்குள்தான் இருந்திருக்கிறது.

மறுநாள் எக்கோ பார்த்தார்கள். நெஞ்சில் பசை தடவி, ஒரு கருவியை வைத்து உருட்டி, ஒலி அலையால் இதயம் ஆடுவதைத் திரையில் பார்க்கிற சோதனை. வலி கிடையாது. டாக்டர் இளம்பெண், தமிழ் தெரிந்தவர். நோயின் பெயரைக் கேட்டு நான் வெளிறியதைப் பார்த்து விளக்கினார். இதயச் செயலிழப்பு என்றால் இதயம் நின்றுவிட்டது என்று அர்த்தம் இல்லை. அது ஒரு பம்பு. பம்பு பலம் குறைந்தால் தண்ணீர் முன்னால் போகாமல் பின்னால் தேங்கும். காலில் தேங்கினால் வீக்கம், நுரையீரலில் தேங்கினால் மூச்சுத் திணறல். உப்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும், அதனால் உப்பு குறைக்க வேண்டும். தண்ணீரையும் அளந்துதான் குடிக்க வேண்டும். பார்லித் தண்ணீர் பற்றிச் சொன்னேன். அவர் பேனாவை மூடிவைத்துவிட்டு என்னைப் பார்த்தார். இவ்வளவு படித்தவர் என்று சொன்னார்களே என்பது அந்தப் பார்வையில் இருந்தது.

கிணற்றில் தண்ணீர் இல்லாதவன், நெஞ்சில் தண்ணீர் கோத்துப் படுத்திருக்கிறேன். துணித் திரைக்கு அந்தப் பக்கம் மயில்சாமி நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் சிரித்திருப்பான் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

கேரளத்து ஆஸ்பத்திரிகளில் நோயாளிக்குத் துணையாக இருப்பவருக்கு பைஸ்டாண்டர் என்று பெயர். பைஸ்டாண்டர் இல்லாமல் ஒன்றும் நடக்காது. மருந்து வாங்க, ரத்தம் கொண்டுபோக, பில் கட்ட என்று ஒலிபெருக்கியில் நோயாளியின் பெயரைச் சொல்லி அவரைத்தான் அழைப்பார்கள். செந்திலுக்கு லீவு கிடைக்கவில்லை. பணம் அனுப்பினான், தினமும் அழுதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. என் பெயரைச் சொல்லி பைஸ்டாண்டரை அழைக்கும்போதெல்லாம் எழுந்து போனது மயில்சாமி. உறவு என்ன என்று கேட்டபோது அனியன் என்றான். மலையாளத்தில் தம்பி. சித்தப்பா மகன் என்று விவரித்திருக்கலாம். வேண்டுமென்றே சொல்லவில்லை.

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். வார்டுக்கு மாற்றியதும் சிஸ்டர் ஒரு லிட்டர் பாட்டிலை அவனிடம் கொடுத்தார். கஞ்சி, டீ, மருந்து விழுங்கும் தண்ணீர் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு இதற்கு மேல் போகக்கூடாது, பைஸ்டாண்டர்தான் பொறுப்பு என்றார். என் கிணற்றைக் குடித்தவன் கையில் என் குடிதண்ணீரைக் கொடுத்தார்கள். அவன் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு, ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்தான். அவனுடைய போர் மோட்டாருக்குப் பக்கத்தில் உட்காரும் அதே தோரணை.

நான் அவன் கையால் குடிப்பதில்லை என்று முடிவு செய்தேன். மாத்திரையை எச்சிலால் விழுங்கினேன். நீர் இறங்க ஊசி போடுகிறார்கள் அல்லவா, அது வாயைப் பாலைவனமாக்கிவிடும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அவன் டம்ளரை நீட்டுவான். நான் சுவரைப் பார்ப்பேன். அவன் டம்ளரை மேசையில் வைப்பான். அது அங்கேயே இருக்கும்.

பக்கத்துப் படுக்கையில் ஒரு பெரியவர், பேச்சு விழுந்தவர். அவருக்குத் துணை அவர் மனைவி பாக்கியம். மூணாற்றுத் தேயிலை எஸ்டேட்டில் இருவரும் வேலை பார்த்து ஓய்வு பெற்று, மகளைக் கட்டிக்கொடுத்த கொழிஞ்சாம்பாறைக்கு வந்தவர்கள். கழுத்தில் ஜெபமாலை, கையில் ஒரு பெரிய பிளாஸ்க். மயில்சாமி மருந்துக்கடைக்குப் போன சமயம் அந்த அம்மாள் என் உதட்டைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார்.

"என்னய்யா இது, உதடெல்லாம் வெடிச்சிக் கெடக்கு. தம்பிக்காரரு தண்ணி தர்றதில்லையா?"

தர மாட்டான், எங்களுக்குள் பகை என்றேன். அந்த நேரத்தில் அது எனக்குப் பொய்யாகவே தோன்றவில்லை.

"நல்ல கூத்து. எங்க எஸ்டேட்டு லயத்துல வரிசையா வீடுங்க, எவன் கூடச் சண்டை போட்டாலும் தண்ணிக்கு மறிச்சதில்ல. இந்தாங்க, குடிங்க."

குடித்தேன். அந்த ஒரு மடக்கை மட்டும் வர்ணிக்க எனக்குத் தெம்பு இல்லை. அவன் வெளியே போகும்போதெல்லாம் பாக்கியம் வருவார். கஞ்சி தருவார், தொட்டுக்கொள்ள எலுமிச்சை ஊறுகாய் தருவார். உப்பில்லாத ஆஸ்பத்திரிச் சாப்பாட்டுக்கு நடுவில் அந்த ஊறுகாய்க்காகவே நான் அவன் போவதை எதிர்பார்த்தேன். ஊறுகாயின் உப்புக்குத் தாகம், தாகத்துக்குத் தண்ணீர். அவனுடைய பாட்டில் மேசையில் நிரம்பியபடியே நின்றது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு உள்ளுக்குள் ஒரு வெற்றி.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மூச்சு மறுபடி மூழ்கியது. இந்த முறை முதல் தடவையைவிட மோசம். ஓடிவந்தார்கள். ஐ.சி.யூ.வில் முகத்தை இறுக்கிப் பிடிக்கிற ஒரு முகமூடி போட்டார்கள். அது காற்றை வலிய உள்ளே தள்ளும். மூழ்குகிறவன் வாயில் பெருங்காற்று வீசினால் எப்படி இருக்கும், அப்படி. அதைப் பிடுங்கி எறியத்தான் கை போகும். கையைக் கட்டில் கம்பியோடு கட்டினார்கள். நான் அதுவரை சாவை நினைத்துப் பயப்பட்டதில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவன். பயந்தேன். அவனுக்கு முன்னால் போய்விடுவேனோ என்று பயந்தேன். பஞ்சாயத்தில் அவன் சொன்ன சொல்லே கடைசிச் சொல்லாக நின்றுவிடுமே என்று பயந்தேன்.

மயக்கமும் தெளிவுமாக இருந்தபோது கண்ணாடிக் கதவுக்கு வெளியே சத்தம் கேட்டது. தண்ணீர் இவ்வளவு எப்படி ஏறியது, பைஸ்டாண்டருக்கு ஒரு பாட்டிலைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதா என்று ஒரு டாக்டர் கத்தினார். மயில்சாமி நிரம்பிய பாட்டிலைக் காட்டியிருந்தால் தப்பித்திருப்பான். அதற்குள் பாக்கியம் அவனிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதிருந்தார். அவரைக் காட்டிக் கொடுத்திருந்தாலும் தப்பித்திருப்பான். கையைக் கட்டிக்கொண்டு, தலை குனிந்து, திட்டு முழுவதையும் வாங்கிக்கொண்டு நின்றான். எனக்கு அது அடக்கமாகத் தெரியவில்லை. என்னைக் கடன்காரனாக்குகிறான் என்றே தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை வார்டுக்குத் திரும்பினேன். பாக்கியம் அழுதுகொண்டு வந்து என் காலைத் தொட்டார். அவரைத் தேற்றி அனுப்பினேன். மயில்சாமி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு முதல் முறையாக என்னைப் பார்த்துப் பேசினான்.

"உங்களைக் கொல்றதுன்னா நானே கொன்னிருப்பனே. மூணாத்துக்காரங்க கையில எதுக்குக் குடுக்கறது?"

அண்ணா என்று சொல்லவில்லை. மரியாதை விகுதி மட்டும் பழைய பழக்கத்தில் வந்தது. ஆதாரம் எழுதுகிறவனுக்கு ஓட்டை கண்டுபிடிப்பது தொழில். இந்தத் தண்ணீர் ஆஸ்பத்திரித் தண்ணீர், அவன் போர் தண்ணீர் அல்ல, அவன் கை வழியாக வருகிறது, அவ்வளவுதான் என்று என் மனச்சாட்சிக்கு ஒரு விளக்கம் எழுதிக்கொண்டேன்.

"தண்ணி குடு" என்றேன்.

அவன் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். டம்ளரில் கால்வாசி ஊற்றினான். ஊற்றியதைக் கண் மட்டத்துக்குக் கொண்டுவந்து பார்த்து, கொஞ்சத்தைத் திரும்பப் பாட்டிலில் விட்டான். அந்தக் கொஞ்சத்தை நான் அவனுக்கு மன்னிக்கப் போவதில்லை.

"பொறவு நாலு மணிக்குத்தான்."

"நாலைத் தாண்டி ஒரு நிமிஷமானாலும் சிஸ்டரைக் கூப்பிடுவேன்."

"கூப்புடுங்க. எனக்கென்ன."

இப்படித்தான் எங்கள் பேச்சு மறுபடி தொடங்கியது. சமாதானம் என்று யாரும் நினைக்க வேண்டாம். காலை முதல் மாலை வரை தகராறு. ஜன்னலைத் திறப்பதா மூடுவதா, பாகப்பிரிவினையில் எருமை யாருக்குப் போனது, சித்தப்பாவின் கைக்கடிகாரம் எங்கே. அக்கம்பக்கத்துப் படுக்கைக்காரர்கள் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு எங்களைக் கேட்டார்கள். என் நாடித்துடிப்பைப் பார்த்த சிஸ்டர், இவர் இப்போதுதான் தேறுகிறார் என்றார்.

மயில்சாமியின் மனைவி தெய்வானை தினமும் பஸ்ஸில் ரசம் கொடுத்தனுப்பினாள். உப்பில்லாமல், மிளகும் பூண்டும் தட்டிப் போட்டு. முதல் வாய் குடித்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. உப்பில்லாத ரசத்தில் போர் தண்ணீரின் சவர்ப்பு மறையாது. மரகதம் போன பிறகு என் வீட்டுக்கு வந்த பஞ்சாயத்துக் குழாயில் அந்தச் சவர்ப்பு கிடையாது. மயில்சாமி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஓட்டை எதுவும் கிடைக்கவில்லை. முழுவதையும் குடித்தேன். பிறகு, இதற்கு உண்டான விலையை அவனிடம் வாங்காமல் விடுவதில்லை என்று தீர்மானித்தேன்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டர் மாத்திரைகளை விளக்கினார். தினமும் காலையில் எடை பார்க்க வேண்டும், திடீரென்று ஏறினால் அது சதை அல்ல, தண்ணீர், உடனே வர வேண்டும். இதெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியாக, வீட்டில் கூட யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். யாருமில்லை என்றேன். தனியாக இருப்பவர்கள் திரும்பத் திரும்ப இங்கே வருகிறார்கள், மருந்து போல ஒருவர் கூட வேண்டும், தினமும் உங்களைக் கவனிக்கிற ஒருவர் என்றார். கதவருகே மருந்துப் பையோடு நின்ற மயில்சாமி, டாக்டரிடம், "கவனிக்கறதுக்கு நானிருக்கறனுங்க. இவரு செத்தா எனக்குத்தானுங்க மொதல்ல தெரியும்" என்றான்.

அதில் ஒரு உண்மை இருக்கிறது, இந்த வயதில் உள்ளவர்களுக்குச் சொல்கிறேன். அன்பானவர்கள் நம்மை நினைத்துக்கொள்வார்கள், ஆனால் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். அவர்களுக்கு வேலை இருக்கிறது. காலை எட்டரைக்கு உங்கள் வாசலைப் பார்க்கிற ஒரு ஆளைச் சம்பாதித்து வைத்துக்கொள்ளுங்கள். நண்பன் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் என்னைப் போல இருப்பதை வைத்துச் சமாளியுங்கள்.

வீடு வந்த பிறகு நான் வாழ்ந்த ஒழுக்கம் சாமியார்களுக்கு வராது. எடை, உப்பு, தண்ணீர், நடை எல்லாம் கணக்கோடு. சாப்பிடும் ஒவ்வொரு வாயையும் கவனித்துச் சாப்பிட்டேன். உயிர்மேல் ஆசையால் என்று சொல்லமாட்டேன். அவனைவிட ஒருநாளாவது கூட இருக்க வேண்டும். தெய்வானை வந்து, போரிலிருந்து ஒரு குழாயை வேலி வழியாக என் வீட்டுக்கு இழுத்து விடுகிறோம் என்று அவர் சொல்லச் சொன்னார் என்றாள். வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். என் தாகத்தைத் தீர்த்துவிட்டுக் கணக்கை முடிக்கப் பார்க்கிறான். எனக்கு வேண்டியது வேறு. ரோட்டு முக்கில், லாரி வந்து நிற்கிற இடத்தில், அவன் போரிலிருந்து ஒரு பொதுக் குழாய். யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம். அவன் கயிற்றுக் கட்டிலிலிருந்து தினமும் அதைப் பார்க்க வேண்டும். வாய்வார்த்தையாக அல்ல, அவன் வாரிசுகளையும் கட்டுப்படுத்தும்படி பதிவு செய்த ஆதாரமாக. என் தொழிலில் பழிவாங்குவது இப்படித்தான்.

இதையும் தெய்வானையிடமே சொல்லி அனுப்பினேன். பதில் வரவில்லை. நானும் அவசரப்படவில்லை. ஆதாரத்தை எழுதி வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

பங்குனியில் மயில்சாமிக்குக் குடலிறக்கம் என்றார்கள். அடிவயிற்றுச் சுவர் பலவீனமான இடத்தில் குடல் பிதுங்கி வருவது. தேங்காய் மூட்டை தூக்குகிற எல்லோருக்கும் வரும், தைத்தால் சரியாகிவிடும். அவன் மகன் முதலமடையில் மாங்காய் லாரி ஓட்டுகிறான், சீசன் நேரம், இறங்க முடியாது. தெய்வானைக்குக் கறவை மாடுகள். பைஸ்டாண்டராக நான் போகிறேன் என்றேன். மயில்சாமி, யாரு வேணும்னாலும் வரட்டும், அவரு மட்டும் வேண்டாம் என்று இரண்டு நாள் சொல்லிப் பார்த்தான். வேறு ஆள் கிடைக்கவில்லை.

அதே ஆஸ்பத்திரி. ஆபரேஷனுக்கு முன் வயிறு காலியாக இருக்க வேண்டும், மயக்க மருந்தில் வாந்தி வந்தால் நுரையீரலுக்குள் போய்விடும். அதனால் விடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர் கூடாது. காலையில் நடக்க வேண்டியது, இடையில் ஒரு விபத்துக் கேஸ் வந்ததால் மத்தியானத்துக்குத் தள்ளிப்போனது. பங்குனி வெயில். அவன் உதட்டை நக்கினான். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டேன். பையிலிருந்து ஆதாரத்தின் நகலை எடுத்தேன்.

ஆதாரம் மலையாளத்தில்தான் இருக்கும். ஒவ்வொரு வரியையும் ஒருமுறை மலையாளத்திலும், அவனுக்கு நன்றாகப் புரிவதற்காக ஒருமுறை தமிழிலும் படித்தேன். மேற்படி ஆழ்துளைக் கிணற்றிலிருந்து சுத்தமானதும் குளிர்ந்ததுமான குடிதண்ணீர். தடையின்றி, தாராளமாக, எல்லாக் காலத்திலும் பாய்ந்து வரும்படி. குளிர்ந்ததும் என்று எந்த ஆதாரத்திலும் எழுதுவதில்லை. அவனுக்காகச் சேர்த்தேன்.

"அந்த பாட்டிலக் கொஞ்சம் அக்கட்டால வைங்களேன்" என்றான்.

"இங்கேயே இருக்கட்டும். பைஸ்டாண்டர்தான் பொறுப்பு."

குழாய் அமையும் இடத்தின் நான்கு எல்லைக்கு வந்தேன். கிழக்கே மயில்சாமியின் தோப்பு வேலி. மேற்கே பொள்ளாச்சி ரோடு. வடக்கே என் நிலம். தெற்கே ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தேன். வேண்டுமென்றுதான்.

"தெக்கால என்னன்னு எழுதறது?" என்று கேட்டேன்.

அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். நான் பேனாவைத் திறந்து பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். நாக்கு ஒட்டிய குரலில் சொன்னான்.

"அண்ணி கொடத்தோட நின்ன எடம்னு எழுதுங்ணா."

எழுதினேன். ஆனால் நான் அதோடு விடவில்லை. இத்தனை வருஷம் காத்தவன் பாதியோடு எழுந்து போக மாட்டான்.

"எதுக்கு நின்னா?"

தள்ளுபடுக்கையோடு ஆட்கள் வந்துவிட்டார்கள். அவனைத் தூக்கி அதில் மாற்றினார்கள், பச்சைத் துணி போர்த்தினார்கள். போகட்டும், இவன் சொல்லமாட்டான் என்று நினைத்தேன். கதவருகே அவன் கையைத் தூக்கி வண்டியை நிறுத்தச் சொன்னான். தள்ளுகிறவர்களுக்கும், பக்கத்துப் படுக்கைகளுக்கும் கேட்கும்படிச் சொன்னான்.

"என்ற போரு உங்க கெணத்தக் குடிச்சிருச்சுங்ணா. மழையெல்லாம் பேஞ்சுது."

கதவு மூடிக்கொண்டது. நான் வராந்தாவில் உட்கார்ந்தேன். எனக்குப் பெரிய ஆனந்தம் வரும் என்று நினைத்திருந்தேன். மரகதம் முந்தானையை நனைத்துத் தலையில் போடுவதுதான் திரும்பத் திரும்ப வந்தது. என் பெயருக்குப் பதில் இப்போது அவன் பெயரைச் சொல்லி ஒலிபெருக்கி பைஸ்டாண்டரை அழைத்தது. எழுந்து போனேன்.

சாயங்காலம் தண்ணீர் கொடுக்கலாம் என்றார்கள். முதலில் கொஞ்சம் மட்டும். டம்ளரில் கால்வாசி ஊற்றி, கண் மட்டத்துக்குக் கொண்டுவந்து பார்த்து, கொஞ்சத்தைத் திரும்பப் பாட்டிலில் விட்டேன். அவன் அதைப் பார்த்தான். குடித்துவிட்டு, இன்னும் என்று சாடை காட்டினான்.

"பொறவு" என்றேன்.

சித்திரையில் ஒரு வியாழக்கிழமை ஆதாரம் பதிவானது. தெற்கு எல்லையைப் படித்த சப் ரிஜிஸ்திரார் நிமிர்ந்து பார்த்தார். ஊருக்கெல்லாம் தெரிந்த இடம் என்றேன். எழுதிக் கொடுக்கிற மயில்சாமியைப் பார்த்தார். அவனும் ஆமாம் என்று தலையசைத்தான். குழாயில் இப்போது சனங்கள் தண்ணீர் பிடிக்கிறார்கள். பாக்கியமும் அந்தப் பெரிய பிளாஸ்கோடு வருகிறார். கயிற்றுக் கட்டிலில் இருந்துகொண்டு மயில்சாமி, குழாயை முழுசா மூடுங்க, சொட்டுது என்று எல்லோரையும் விரட்டுகிறான். அவன் படும் பாட்டைப் பார்க்க எனக்குத் திருப்தியாக இருக்கிறது. அவனுக்கு முன்னால் போகிற எண்ணம் எனக்கு இப்போதும் இல்லை.

இன்று காலை எட்டரைக்கு மழைமானியைப் பார்த்தேன். மழை இல்லை, சுழி போட்டேன். நிமிர்ந்தால் வேலிக்கு அந்தப் பக்கம் அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.